குரோட்டனைக் கொல்வது குளிரா?

செப்டெம்பர் பிறந்ததும் ரொறொன்ரோவின் ஸ்காபரோ பல்கனிகளில் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். கறிவேப்பிலைச் சாடி உள்ளே வரவேண்டும், குரோட்டன் வரவேண்டும், கோலியஸ் வரவேண்டும். எப்போது, எந்த இடத்தில், எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பாதி வைத்தியம் ஊரில் சரி. ரொறொன்ரோவில் அதுவே செடிக்கு எமன்.

"முதல் உறைபனி வருமட்டும் வெளியில நிக்கட்டும்" என்பது இங்கே பலர் வாயில் வரும் பேச்சு. உறைபனி பெரும்பாலும் ஒக்டோபரில்தான் வரும். குரோட்டன் அதுவரை தாங்காது. இந்தோனேசியா, மலேசியா, மேற்குப் பசிபிக் தீவுகள் பக்கத்துச் செடி அது. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கினாலே, ஒரு துளி தண்ணீர் உறையாமலே, இலைக்குள் சேதம் தொடங்கிவிடும். அது உடனே வெளியில் தெரிவதில்லை. உள்ளே கொண்டுவந்து சில நாள் கழித்து இலை கொட்டும்போது பழி வீட்டின்மேல் விழுகிறது. இரவுகள் 13 பாகையைத் தொடும்போதே எடுத்துவிடுங்கள். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உள்ளே வந்த பிறகும் குரோட்டன் கொஞ்சம் இலை உதிர்க்கும். இடம் மாறினால் அதன் குணமே அப்படி. கறிவேப்பிலையும் குளிர்காலத்தில் மஞ்சளாகி மொட்டையாக நிற்பதுண்டு. இதைப் பார்த்து இரண்டு விதமாகத் தப்புச் செய்கிறோம். ஒரு சாரார் செத்துப்போச்சு என்று குப்பையில் போடுகிறார்கள். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கடியில் பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே சுரண்டுங்கள். நுனி காய்ந்தும் அடி உயிரோடு இருக்கலாம்.

மற்றச் சாராரின் அன்புதான் ஆபத்து. "இலை கொட்டுது, தண்ணி காணாது போல" என்று காலையும் மாலையும் ஊற்றுகிறார்கள். இலை குறைந்த செடி குடிப்பதும் குறைவு. சாடி மண் நாட்கணக்கில் சேறாக இருந்தால் வேருக்குக் காற்றில்லை, அழுகும். வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும்; அதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். கலண்டரைப் பார்த்துத் தண்ணீர் விடும் பழக்கத்தை ஏப்ரல் வரை மறந்துவிடுங்கள்.

ஆனாலும், குளிர்காலத்தில் இந்தச் செடிகளின் பெரிய பிரச்சினை சூடும் தண்ணீரும் அல்ல, வெளிச்சம். "யன்னலோரத்தில்தானே வைத்திருக்கிறேன்" என்பார்கள். டிசெம்பர் 21 அன்று ரொறொன்ரோவில் பகல் சுமார் 9 மணிநேரம். நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 23 பாகைதான் ஏறும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 11½ மணிநேரப் பகல், நண்பகல் சூரியன் 57 பாகையில். இங்கே வெயில் முழுக்கத் தெற்கிலிருந்து சாய்ந்து வருவதால் வடக்கு யன்னல் குரோட்டனுக்கு உதவாது. தெற்கு யன்னலிலும் கண்ணாடிக்கு ஒட்டி ஒரு கணக்கு, இரண்டு மீற்றர் தள்ளி ஒரு கணக்கு. அறையின் நடுவில் நமக்குப் புத்தகம் வாசிக்கப் போதுமான வெளிச்சம் இருக்கும். நம் கண் இருட்டுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இலைக்கு அந்த வசதி இல்லை.

நிறம் போவதும் இதனால்தான். நல்ல வெளிச்சத்தில்தான் குரோட்டனில் சிவப்பும் செம்மஞ்சளும் எடுப்பாக வரும். வெளிச்சம் குறைந்தால் புது இலைகள் வெறும் பச்சையாக வரும். இந்த இடத்தில்தான் "பசளை காணாது" என்று அடுத்த வைத்தியம். நைதரசன் கூடிய பசளை பச்சையைத்தான் தள்ளும். வளராமல் நிற்கும் செடிக்குப் போட்டால் உப்பு மண்ணில் தேங்கி வேரைச் சுடும். அந்தக் காசுக்கு ஒரு சாதாரண வெள்ளை எல்.ஈ.டி விளக்கு வாங்கி, செடிக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, டைமர் போட்டு நாளுக்கு 12 முதல் 14 மணிநேரம் எரியவிடுங்கள்.

ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் ஊர்ச் சூடு கிடைக்குமா? கிடைப்பது வறட்டுக் காற்றுத்தான். இலைக்குத் தண்ணீர் தெளித்தாலும் அந்த ஈரம் சில நிமிட சமாசாரம்தான். வறண்ட சூட்டில் குதூகலிப்பது சிலந்திப்பேன். இலையில் ஊசிமுனை அளவு வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடக்கத் தொடங்கினால் அதுதான். முன்பு கழுவச் சொன்னது இதற்காகத்தான். இனியும் வாரம் ஒருமுறை கழுவவேண்டும்.

எல்லாச் சாடியையும் வீட்டுக்குள் இழுத்துவருவதும் தேவையில்லாத வேலை. கோலியஸில் விரல் நீளத்துக்கு நுனிகளை வெட்டித் தண்ணீரில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். கிழட்டுச் செடியை விட்டுவிடலாம். கலாடியம் இலை மடிந்து உறங்கப் பார்க்கும்போது வெளிச்சம் காட்டி எழுப்பவேண்டாம். கிழங்கை எடுத்து, உலரவிட்டு, 15 பாகைக்குக் குறையாத இடத்தில் காய்ந்தபடி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் அழுகிப்போகும். ஹ்யூக்கெராவோ வட அமெரிக்கச் செடி, அதற்குக் குளிர் வேண்டும். கதகதப்பான வரவேற்பறை அதற்குத் தண்டனை. சூடாக்காத கராஜில் சாடியோடு விட்டாலே போதும்.

மே மாதம் விக்டோரியா டே விடுமுறையோடு எல்லாம் வெளியே போகும். முதல் வாரம் நிழலில் வையுங்கள். நேரே வெயிலில் வைத்தால், யன்னலோரத்தில் முளைத்த மெல்லிய இலைகள் இரண்டு நாளில் வெளிறிக் கருகிவிடும்.