நர்சிங் கல்லூரியில் யார் கையில் அதிகாரம்?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மகளை பி.எஸ்சி. நர்சிங் சேர்க்க வேண்டும். நல்ல நிர்வாகம் உள்ள கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: பக்கத்திலேயே உரைகல் இருக்கிறதே, அம்மா! வேலூர் சி.எம்.சி.யில் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கியது. 1946இல் பட்டப்படிப்பு வந்தது. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியைகளே வார்டு பொறுப்பையும் சுமக்கிறார்கள். அதனால் வகுப்பில் சொல்வதும் கட்டிலருகே செய்வதும் வேறு வேறாவதில்லை.

மற்ற கல்லூரிகளில் இதை விசாரியுங்கள்: முதல்வர் எம்.எஸ்சி. நர்சிங் படித்தவரா? ஆசிரியர் நியமனத்தில் அவர் சொல் எடுபடுமா, அல்லது தாளாளர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுபவர்தானா? பயிற்சிக்கு எந்த மருத்துவமனை? எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு உண்டா? கடைசி ஆண்டு மாணவிகளிடம் கேட்டால் உண்மை வெளிவரும்.