வெள்ளியும் ரூபாயும்

திருச்சிராப்பள்ளிச் சீமைக்கும் மலாயாவுக்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. அந்நாளில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினர். இன்று திருச்சி விமான நிலையத்திலிருந்தே சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் செல்கின்றனர். திருவரங்கத்தில் நான் வசிக்கும் தெருவிலும் அங்கிருந்து வரும் பணத்தை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. "வெள்ளி இன்று என்ன விலை?" என்று கேட்போர் பலர், அவ்விலை எவ்வாறு பிறக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. வணிகவியல் மாணவன் என்ற முறையில் அதனை எளிய கணக்குகளால் விளக்க விழைகிறேன்.

குறுக்கு வீதம்

இரு நாணயங்களின் மதிப்பை மூன்றாவது நாணயம் ஒன்றைக் கொண்டு ஒப்பிடுவதே குறுக்கு வீதமாகும். 1906-இல் மலாயா வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. அப்போது நம் ரூபாயின் மதிப்பு 16 பென்ஸ். 28-ஐ 16-ஆல் வகுத்தால் 1.75 வரும். எனவே ஊருக்கு அனுப்பிய 10 வெள்ளிக்கு 17 ரூபாய் 8 அணா கிடைத்தது.

முதல் உலகப் போரையொட்டிய குழப்பங்களுக்குப் பின், 1927-இல் ரூபாய் 18 பென்ஸ் என நிர்ணயிக்கப்பட்டது. வெள்ளியோ மாறவில்லை. 28-ஐ 18-ஆல் வகுக்க, 10 வெள்ளிக்குச் சுமார் 15 ரூபாய் 9 அணாவே தேறியது. அதே தோட்டம், அதே உழைப்பு, அதே பத்து வெள்ளி; ஆனால் வீட்டுக்கு வந்தது ஏறக்குறைய இரண்டு ரூபாய் குறைவு! ரூபாயின் மதிப்பு உயர்ந்தால் எல்லோருக்கும் நன்மை என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இதனால் அறியலாம். இறக்குமதி செய்பவருக்கு ஆதாயமானது, பணம் பெறும் குடும்பத்துக்கு நட்டமாயிற்று.

1966, 1967

1966 ஜூன் 6-இல் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அமெரிக்க டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆகவும், பவுன் 13.33 ரூபாயிலிருந்து 21 ஆகவும் ஏறின. ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஆகவே 28 பென்ஸ் பெறுமான வெள்ளி 2.45 ரூபாய் ஆயிற்று.

1967 ஜூனில் மலேசியாவும் சிங்கப்பூரும் தத்தம் புதிய வெள்ளியைப் பழைய வெள்ளிக்குச் சமமாக வெளியிட்டன. அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. பவுன் 18 ரூபாய் ஆயிற்று. பவுனோடு பிணைந்திருந்த பழைய வெள்ளி 2.10 ரூபாய்க்கு இறங்கியது. ரூபாயைப் போலவே மதிப்புக் குறையாத புதிய வெள்ளியோ 2.45-இலேயே நின்றது. 2.10-ஐ 2.45-ஆல் வகுத்தால் 0.857. பழைய வெள்ளிக்குப் புதிய நாணயத்தில் 85 காசே தரப்பட்டதன் கணக்கு இதுதான். பழைய நோட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த ஏழைகளின் சேமிப்பு ஒரே நாளில் கரைந்தது.

இன்றைய நிலை

1993 மார்ச் முதல் ரூபாயின் மாற்று வீதம் சந்தையில் தீர்மானமாகிறது. பணம் மாற்றுவோர் வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு சொல்வர். கணக்குக்காக, ரிங்கிட் வாங்கும் விலை 20 ரூபாய், விற்கும் விலை 21. சிங்கப்பூர் வெள்ளி வாங்கும் விலை 70, விற்கும் விலை 72 எனக் கொள்வோம். 720 ரிங்கிட்டை இங்கே ரூபாயாக்கினால் 14,400. அதைக் கொண்டு 200 சிங்கப்பூர் வெள்ளி வாங்கலாம். நடு விலைகளான 20.50, 71 ஆகியவற்றின்படி ஏறத்தாழ 208 கிடைக்க வேண்டும். எட்டு வெள்ளி, இருமுறை மாற்றியதற்கான கூலி. எனவே வழியில் ரூபாயாக்காமல், ரிங்கிட்டை நேரே வெள்ளியாக மாற்ற என்ன தருவர் என்று கேட்டு, இரண்டையும் ஒப்பிடுதல் நன்று.

நண்பர்களே, இதற்கு வேண்டியது வகுத்தல் கணக்கு ஒன்றே. பணம் எதிர்பார்த்திருக்கும் அண்டை வீட்டாருக்கு நாம் இக்கணக்கைப் போட்டுக் காட்டினால், நாம் கற்ற கல்வி ஊருக்கும் பயன்படும்.