ஹெட் கேஸ்கட் தேர்வு: எஞ்சின் கட்டும் இளம் கலைஞருக்கு



சிலிண்டர் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் ஹெட்டுக்கும் இடையில் வைக்கப்படும் ஹெட் கேஸ்கட், எரியும் வாயுவை அதன் அறைக்குள்ளேயே நிறுத்துவதோடு, கூலன்ட்டும் ஆயிலும் தத்தம் வழியைவிட்டு விலகாமலும் காக்கிறது. திறன் கூட்டிய எஞ்சினில் அது போய்விட்டால் பழி கேஸ்கட்டின்மேல் விழுகிறது. குற்றமோ பெரும்பாலும் சீராகத் தேய்க்கப்படாத பரப்பிலோ, போதாத இறுக்கத்திலோ, கலவை தானாக வெடித்து எரியும் நாக்கிங்கிலோ இருக்கிறது. ஆகவே, எந்தக் கேஸ்கட் என்பது மற்ற அளவுகளெல்லாம் கைக்கு வந்தபின் கேட்க வேண்டிய கேள்வி.

எடுத்துக்காட்டாக, டொயோட்டா சூப்ராவில் வந்த 2ஜேஇசட்-ஜிடிஇ எஞ்சினில், போர் எனப்படும் சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக் எனப்படும் பிஸ்டன் ஓட்டமும் 86 மி.மீ. ஆகும். டர்போ அழுத்தத்தைக் கூட்டியதால் எரிதலின் உச்ச அழுத்தம் 100 பார் அளவை எட்டினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஹெட்டைத் தூக்கும் விசை ஏறத்தாழ 5.9 டன். மேலும், அதன் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் நடுவிலுள்ள கேஸ்கட் உரசி இழுபடுகிறது.

இந்தத் தூக்கலையும் உரசலையும் தாங்குவதில் எம்எல்எஸ் எனப்படும் பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட்டே முன்னிற்கிறது. அதன் ஸ்டெயின்லெஸ் தகடுகளில் சிலிண்டர் வாயைச் சுற்றிப் புடைத்திருக்கும் வளையங்கள் வில்போல் மீள்வதால், ஹெட் நூலிழை எழும்பினாலும் கூடவே எழும்பி அடைத்துக்கொள்கின்றன. கிராஃபைட் கேஸ்கட் பரப்பின் சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளும், எம்எல்எஸ் பொறுக்காது. பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 1.3 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பதால், ஏர் கிரைண்டரில் உராய்வுத் தட்டைப் பூட்டிப் பழைய கேஸ்கட்டைச் சுரண்டும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை விட்டுச்செல்கிறது. செம்புக் கேஸ்கட் பந்தயக் களத்துக்கு உரியது. கூலன்ட் கசிவை அடக்குவது கடினம் என்பதால் அன்றாடச் சாலை வண்டிக்கு அது ஏற்றதன்று.

தடிமனில்தான் இளம் கலைஞர்கள் பெரிதும் தவறுகிறார்கள். டர்போவுக்காகக் கம்ப்ரஷன் விகிதத்தைக் குறைக்க எண்ணித் தடித்த கேஸ்கட்டை நாடுவது எளிய வழியாகத் தோன்றுகிறது. ஆனால் மேற்சொன்ன எஞ்சினில், 87 மி.மீ. துளையுள்ள கேஸ்கட்டின் தடிமனை 0.5 மி.மீ. கூட்டினால் எரியறையில் சேர்வது ஏறத்தாழ 3 சி.சி. மட்டுமே, 8.5 என்ற விகிதம் 8.2 வரைதான் இறங்குகிறது. அந்தச் சிறு ஆதாயத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே எஞ்சும் குறுகிய இடைவெளி ஸ்குவிஷ் எனப்படும். அது 1 மி.மீ. அளவில் இருந்தால், அங்குள்ள கலவை நடுவே பிதுக்கப்பட்டு, சுழன்று, விரைந்து எரிகிறது. இடைவெளி அகன்றால் அந்தச் சுழற்சி தளர்ந்து, ஓரத்தில் தேங்கிய கலவை நாக்கிங்குக்கு இடமளிக்கிறது. நாக்கிங்கைத் தவிர்க்கச் செய்த வேலையே அதை அழைத்து வருகிறது. விகிதத்தைப் பிஸ்டன் வடிவில் குறைப்பதே சரியான முறை.

கேஸ்கட் துளையின் விட்டம் போரைவிடச் சற்றே பெரியதாக இருக்க வேண்டும். விளிம்பு எரியறைக்குள் நீட்டினால் அது பழுக்கக் காய்ந்து, ஸ்பார்க்குக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். இறுக்கத்தைப் பொறுத்தவரை, டார்க் ரெஞ்சில் செலுத்தும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே ஹெட்டைப் பிளாக்கோடு பிணைக்கும் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது, எஞ்சியது உராய்வில் கரைகிறது. எனவே ஸ்டட் தயாரிப்பாளர் சொன்ன டார்க் அளவையும் மசகையும் ஒருசேரப் பின்பற்றாமல் ரெஞ்ச் காட்டும் அளவை நம்பலாகாது.

கேஸ்கட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் கொண்டு பிளாக்கையும் ஹெட்டையும் நீளவாட்டிலும் மூலைக்கு மூலையும் அளந்து, பிஸ்டன் உச்சியில் நிற்கும் உயரத்தையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.