சரித்திரக் கட்டுரை தேடும் முறை

சைவாசிரியர்காள்! சரித்திரம் போதிப்போர் செவிவழிச் செய்தியைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது. அறிஞர் எழுதிய கட்டுரைகளை நாடுதல் வேண்டும். 2005 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் பலவற்றை இலவசமாக வாசிக்கத் தருகின்றது.

ஆயின், ஒரு பெயரால் மாத்திரம் தேடுவோர் பலவற்றை இழப்பர். நம் அயலாகிய காரைதீவிலே 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகளையே உதாரணமாகக் கொள்க. பிள்ளைப்பெயர் மயில்வாகனன், 1922 இல் இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்தபின் பிரபோத சைதன்யர், 1924 இலே சந்நியாசம் பெற்றபின்னரே விபுலாநந்தர். ஆதலின் முற்காலத்துச் செய்திகளை முற்பெயர்களாலே தேடுக. ‘விபுலானந்தர்’ என்று எழுதுவாரும் உளராதலின், அவ்வாறும் தேடுக.

கட்டுரை கிடைத்தவுடன் ஆக்கியோன், சஞ்சிகை, ஆண்டு, பக்கம் என்பவற்றைக் குறித்து, அது காட்டும் மூலத்தையும் நோக்குக. “ஆதாரம் யாது?” என மாணாக்கன் வினாவும்போது வாளாவிருப்பின், நாம் சொல்லும் மெய்யும் பொய்யென்றே தள்ளப்படும்.