வாவிக்கரைக்கு ஒரு பகற் பயணம்

கல்விச் சுற்றுலா என்பது இன்று பாடசாலை வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டது. ஆண்டுக்கொரு முறை பேருந்து ஒன்றை அமர்த்தி, மாணவரை ஏற்றி, பத்து இடங்களைக் காட்டி, இரவில் வீடு சேர்த்துவிட்டால் கடமை முடிந்ததென எண்ணுவோர் பலர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழைத்த விதத்தையும், பின்னர் அதனைத் திருத்திக்கொண்ட விதத்தையும் கூறுதல், இனிப் பயணம் செய்ய இருக்கும் மாணவர்க்கும் அவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கும் பயன்படும் என்பது நம் கருத்து.

கண்டியில் வாழ்வோர்க்கு வாவி புதிதன்று. ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன், வயலாய்க் கிடந்த நிலத்தில் நீரைத் தேக்கி அமைத்த வாவியைச் சுற்றியே நாம் அன்றாடம் நடமாடுகின்றோம். அங்ஙனமிருக்க மற்றொரு வாவியைக் காண 77 கிலோமீற்றர் ஏன் போதல் வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நுவரெலியாவின் கிரகரி வாவியும் மனிதர் ஆக்கியதே. 1873 ஆம் ஆண்டு, ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், சேற்று நிலம் ஒன்று நீர்நிலையாக மாற்றப்பட்டது. ஆயின் நமது வாவி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றரில் உள்ளது. நுவரெலியா நகரோ 1,868 மீற்றரில் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாட்டில்தான் பாடம் இருக்கின்றது.

ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை குறையும் என்று புவியியல் வகுப்பிலே படிக்கின்றோம். கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலான ஏற்றம் 1,368 மீற்றர். பெருக்கிப் பார்த்தால் ஒன்பது பாகை வருகின்றது. கண்டி பஸ் நிலையத்தில் ஒரு வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, வாவிக்கரையில் மீண்டும் பார்த்த மாணவன், அந்தக் கணக்கைப் பின்னர் மறப்பதில்லை. அவ்வுயரத்தில் நீர் 94 பாகையளவில் கொதித்துவிடும். ஆதலால் பருப்பு அவிய நேரமாகும். தேநீரும் கண்டியிற் போலச் சுடுவதில்லை. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் உடன் வந்தால், தேநீர்க் கடையே ஆய்வுகூடமாகிவிடும்.

நிற்க. நமது முதற் பயணத்தின் கதைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் விடுமுறையில், மேல் வகுப்பு மாணவர் நாற்பதின்மருடன் புறப்பட்டோம். நேர அட்டவணையை ஆசிரியரும் பழைய மாணவருமாக நாமே கூடி வகுத்தோம். அதில் பேராதனைப் பூங்கா, கம்பளை, கொத்மலை நீர்த்தேக்கக் காட்சி, இறம்பொடை ஆஞ்சநேயர் கோயில், அருவி, தேயிலைத் தொழிற்சாலை, கிரகரி வாவி, சீதா எலிய சீதையம்மன் கோயில், ஹக்கலைப் பூங்கா என ஒன்பது இடங்கள் இடம்பெற்றன. எந்த இடத்தையும் விட எவர்க்கும் மனம் வரவில்லை. ஏழு மணிக்குப் புறப்படுவதென எழுதியிருந்தோம். புறப்பட்டபோது மணி ஏழே முக்கால். பேராதனையில் ஒரு மணி நேரம் என்றிருந்தது இரண்டரை மணி நேரமாயிற்று. இறம்பொடையை அடையும் முன் நண்பகல் கடந்துவிட்டது. வாவிக்கரையில் இறங்கியபோது மணி நாலேகால். மூடுபனி நீரின் மேற் படிந்திருந்தது, எதிர்க்கரை தெரியவில்லை. பின்னர் மழை தொடங்கிற்று. மாணவர் பேருந்தின் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாவியைப் பார்த்தனர். சீதையம்மன் கோயிலையும் ஹக்கலையையும் விட்டுவிடுவோம் என்று முன் இருக்கையில் இருந்த நாம் மூவர் அரை நிமிடத்தில் தீர்மானித்தோம். பேருந்து திரும்பிற்று.

லபுக்கலையைக் கடந்து இறங்கும்போதுதான் பின் இருக்கையில் ஒரு மாணவன் அழுதுகொண்டிருப்பதை ஓர் ஆசிரியர் கண்டார். அவன் ஹக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிற் பிறந்தவன். கண்டியில் மாமன் வீட்டிலிருந்து படிப்பவன். சுற்றுலா செல்லும் செய்தியை முன்னரே தன் அம்மாயிக்குத் தெரிவித்திருந்தான். பிற்பகல் இரண்டு மணிக்குச் சீதையம்மன் கோயில் வாசலுக்கு வருவோம் என்று நாம் அட்டவணையில் எழுதியதை நம்பி, அந்த மூதாட்டி இரண்டு மணி முதல் மழையில் அங்கே நின்றிருக்கிறார். மாணவர் கைத்தொலைபேசி கொண்டுவரலாகாது என்று விதித்தவர்களும் நாமே. “ஏன் தம்பி, முன்னமே சொல்லக் கூடாதா?” என்று கேட்டதற்கு, “நீங்க எல்லாரும் பேசி முடிவெடுத்தீங்க, சேர்” என்றான். அதற்கு மறுமொழி கூற நம்மிடம் ஒன்றும் இல்லை.

கண்டியை அடைந்தபோது இரவு ஒன்பதரை மணி.

அவ்வட்டவணையிற் பிழை எங்கே என்று பின்னர்ப் பல நாள் ஆராய்ந்தோம். இடங்கள் மிகுதி என்பது வெளிப்படை. ஆயின் அது முழு விடையன்று. புறப்படும் நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டு போனோம் என்பதே மூலப் பிழை. அவ்வாறு எண்ணினால் முதலில் வரும் இடங்கள் தத்தம் பங்கிலும் கூடுதலாக உண்டுவிடும். கடைசியில் நிற்கும் இடம் பட்டினி கிடக்கும். நமது பயணத்தின் நோக்கமான வாவியோ கடைசிப் பந்தியிற் குந்தியிருந்தது.

ஐரோப்பாவில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்றுண்டு. ஆஸ்திரியா நாட்டின் ஆல்ப்ஸ் மலைகளிடையே ஹால்ஷ்டாட் என்னும் வாவிக்கரைக் கிராமம் இருக்கின்றது. பழைய உப்புச் சுரங்கத்தாற் பெயர் பெற்றது. புகைவண்டி நிலையம் வாவியின் ஒரு கரையில், கிராமம் மறுகரையில். வண்டியால் இறங்குவோரைச் சிறு கப்பல் ஒன்று கிராமத்துக்கு ஏற்றிச் செல்லும். ஆகவே அங்கே பகற் பயணம் செல்பவன், திரும்பும் கப்பல் எத்தனை மணிக்கு என்பதை முதலில் அறிந்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுகின்றான். (இவ்வூரைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டும். ஆயிரம் பேர்கூட வாழாத அக்கிராமத்துக்கு, கோடையில் ஒரே நாளில் பல்லாயிரம் பேர் வந்துபோகத் தொடங்கவே, 2023 ஆம் ஆண்டு ஊரார் வீதிக்கு வந்து, வருவோர் தொகையை மட்டுப்படுத்துக என்று முழங்கினர். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா வீதிகளில் வாகனங்கள் அசையாது நிற்பதைக் கண்டவர்க்கு அவர் துயரம் விளங்கும். நாம் ஏப்ரலில் ஒருபோதும் செல்வதில்லை.)

நமது மலைப்பாதையில் கடைசிக் கப்பல் இல்லை. அதனாலேயே தாமதிக்கின்றோம். ஆயின் சூரியன் மறைவது உண்டு. இறம்பொடை வளைவுகளை இருட்டுமுன் இறங்கிக் கடத்தல் வேண்டும் என்பதையே நமது கடைசிக் கப்பலாக வைத்துக்கொண்டோம். இது வீண் அச்சமன்று. 2025 மே 11 ஆம் நாள் அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருணாகலுக்குச் சென்ற பேருந்து இப்பாதையிலே கொத்மலைப் பகுதியில் கெரண்டி எல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஜனவரி 20 ஆம் நாள் மாலை, நானுஓயாவுக்கு அண்மையிலுள்ள ரதல்ல குறுக்குப் பாதையில், கல்விச் சுற்றுலா வந்த மாணவரின் பேருந்து வானொன்றோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி எழுவர் உயிரிழந்தனர். அக்குறுக்குப் பாதை நம் வழியிலன்று. எனினும் செங்குத்தான இறக்கம் எவ்வழியிலும் ஒன்றே. இறங்கும் வண்டி, பிரேக்கை மட்டும் நம்பாது, தாழ்ந்த கியரில் இயந்திரத்தின் இழுவையால் வேகம் அடங்கி வருதல் வேண்டும். சாரதி முன்னிரவில் உறங்கியிருத்தல் வேண்டும். பேருந்தை ஒழுங்கு செய்யும்போது வாடகையை மட்டும் பேசாது, “நேற்றிரவு இவருக்கு வேலை உண்டா?” என்று கேட்பதை இப்போது வழக்கமாக்கியுள்ளோம். முதன்முறை கேட்டபோது பேருந்துக்காரர் சிரித்தார்.

பருவத்தையும் மாற்றினோம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நுவரெலியாவை நனைக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை பெய்யும். பெப்ரவரியும் மார்ச்சின் முற்பகுதியும் வறண்டவை. அக்காலத்தில் விடியலிற் குளிர் மிகும். சில நாள் உறைபனியும் விழும். கம்பளிச் சட்டை இல்லாத மாணவர்க்குப் பழைய மாணவர் வீடுகளிலிருந்து திரட்டிக் கொடுத்தோம். எப்பருவமாயினும் புறப்படும் முன்னாள் மாலை இரண்டு செய்திகளை அறிதல் கடன்: வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பு ஒன்று, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்து விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை மற்றொன்று. கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் அடைந்த அழிவை நேரிற் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. செம்மஞ்சள் வந்தால் பயணத்தைத் தள்ளிவைத்தல் வேண்டும். பேருந்துக்குக் கொடுத்த முற்பணம் போனாற் போகட்டும்.

புகைவண்டியிற் போகலாமே என்பர் சிலர். அழகிய வழிதான். 1885 இல் நானுஓயா வரை எட்டிய அப்பாதையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். ஆயின் ஒரு பக்கத்துக்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம். நானுஓயாவில் இறங்கி நகருக்கு வேறு வண்டி. ஒரே பகலில் போய் மீள இது பொருந்தாது. இரவு தங்குவோர், வண்டிகள் ஓடும் நிலையை நிலையத்தில் விசாரித்துக்கொண்டு செல்லலாம்.

இரண்டாம் பயணத்தை அடுத்த ஆண்டு பெப்ரவரியில் மேற்கொண்டோம். அட்டவணை வகுக்குமுன், “வழியில் எவரையேனும் காண வேண்டியவர் உளரா?” என்று வகுப்பிற் கேட்டோம். நால்வர் கையுயர்த்தினர். இருவருக்கு உறவினர் புசல்லாவையில், ஒருவனுக்கு லபுக்கலையில். நான்காமவன் நாம் அறிந்தவனே. கொழுந்து பறிப்போரைக் கண்ணாடி வழியே படம் எடுத்துக்கொண்டு போகும் பேருந்துகளை அவ்வீதியில் நாள்தோறும் காணலாம். நம் பேருந்திலோ கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளே இருக்கின்றனர் என்பது, முன்னைய அட்டவணையை எழுதியபோது நம் நினைவுக்கு வரவில்லை.

இம்முறை மாலை ஆறு மணிக்குக் கண்டி என்று அடியில் எழுதி, மேல்நோக்கி எண்ணினோம். தொலைவில் உள்ளதை முதலிலும், அண்மையில் உள்ளவற்றைத் திரும்பும் வழியிலும் வைத்தோம். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. வெறும் வயிற்றிலும் நிறைந்த வயிற்றிலும் வளைவுகள் ஆகா. ஆதலால் வீட்டில் இரண்டு பிஸ்கட்டும் தேநீரும், புசல்லாவையில் கொண்டுவந்த இடியப்பமும் சம்பலும். தலைசுற்றும் இயல்புடையோர் முன் இருக்கைகளில் அமர்ந்தனர். பேராதனைப் பூங்காவைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். அது நம் வீட்டு முற்றம், எந்தச் சனிக்கிழமையும் போகலாம். ஹக்கலையையும் நீக்கினோம். இதற்குத் தாவரவியல் ஆசிரியர் இன்னும் நம்மை மன்னிக்கவில்லை.

எட்டே முக்காலுக்குப் பேருந்து சீதையம்மன் கோயில் வாசலில் நின்றது. அம்மாயி நின்றிருந்தார். முந்திய ஆண்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பேரனின் முகத்தைத் தடவிப் பார்த்து, “இளைச்சுப் போயிட்டியேப்பா” என்றார். வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கரட்டும் லீக்ஸும் ஒரு பை நிறையக் கொணர்ந்திருந்தார். ஆசிரியர் எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு மணி நேரம் அங்கே இருந்தோம்.

பத்தே காலுக்கு வாவிக்கரை. பிதுருதாலகால மலையின் முடி தெளிவாய்த் தெரிந்தது. சிலர் படகிற் சென்றனர். சிலர் கரையைச் சுற்றி நடந்தனர். எவரையும் எதையும் பார்க்குமாறு நாம் பணிக்கவில்லை. கட்டணம் செலுத்திப் படகேற இயலாதவர் இருப்பர் என்பதால், படகுப் பணத்தை முன்னரே பயணச் செலவோடு சேர்த்திருந்தோம். பொதிச் சோற்றைக் கரையிலேயே உண்டோம். குளிரிற் சோறு விறைத்திருந்தது, எனினும் மீதம் இல்லை. மதியம் ஒரு மணிக்கு வண்டி புறப்பட்டது. வடக்கே மூடுபனி அப்போதே இறங்கத் தொடங்கியிருந்தது.

லபுக்கலையில் தொழிற்சாலையும், அங்கே ஒரு மாணவனின் சிற்றப்பாவும். இறம்பொடை அருவியைப் பாலத்திலிருந்து இருபது நிமிடம் பார்த்தோம். புசல்லாவையில் இருவர் தம் உறவினரைக் கண்டனர். நான்கு மணிக்குள் கடின வளைவுகள் யாவும் பின்னே போயின. கண்டியில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் இறங்கி, தலைகளை எண்ணினோம். பேருந்து முழுதும் லீக்ஸ் மணம். சாரதி மறுநாள் கழுவவேண்டியிருந்ததாம்.

அன்றைய நேர அட்டவணை, செலவுக் கணக்கு, பெற்றோர் ஒப்புதற் கடித மாதிரி, வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பிய விண்ணப்பம் ஆகியவற்றின் பிரதிகள் பழைய மாணவர் சங்கக் காரியதரிசியிடம் உள்ளன. வேண்டும் வகுப்பாசிரியர் பெற்றுக்கொள்ளலாம். பேருந்து வாடகை மட்டும் அப்போதையது. அதனைப் புதிதாக விசாரித்தறிக.