நள்ளிரவில் குரைக்கும் இருமல்



பகலெல்லாம் லேசான சளியோடு விளையாடிய குழந்தை, நள்ளிரவில் விழித்து நாய் குரைப்பதுபோல் இருமுகிறது. குரல் கம்முகிறது. மூச்சை உள்ளே இழுக்கையில் கரகரவென ஓசை எழுகிறது. இதனை மருத்துவர்கள் 'குரூப்' என்பர். பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கே இது வருகிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்கில், விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார் பலர். தம்பி தங்கையரை இடுப்பில் சுமப்பவர்கள் அக்காமாராகிய நாமே. ஆகையால் இதனை நாமும் அறிந்திருத்தல் நலம்.

குரூப் வேறு, கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் வேறு. பின்னவை இரண்டும் பாக்டீரியாவால் வருபவை. அவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. குரூப் பெரும்பாலும் பாராஇன்ஃப்ளூயன்சா என்னும் வைரஸால் வருவது. குரல்வளையும் அதையடுத்த மூச்சுக்குழாயும் வீங்கிவிடுகின்றன. நாம் படித்த வட்டப் பரப்பை இங்கே நினைவுகூர்வோம். 4 மி.மீ. விட்டமுள்ள குழாயின் சுவர் சுற்றிலும் 1 மி.மீ. வீங்கினால், மிஞ்சும் விட்டம் 2 மி.மீ.; காற்று செல்லும் பரப்போ கால் பங்குதான்! பெரியவர்களுக்குக் குழாய் அகலமாதலால், அதே வீக்கம் தொண்டைக் கட்டோடு நின்றுவிடும்.

குழந்தை அழுதால் மூச்சை வேகமாக இழுக்கும். குறுகிய வழி மேலும் குறுகும். எனவே அழாமல் காப்பதே முதல் மருந்து. மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, மெல்லப் பேச வேண்டும். தாய்ப்பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். துணியால் போர்த்தி, ஜன்னலருகே குளிர்ந்த காற்றில் சற்று நேரம் வைத்திருப்பதும் சில குழந்தைகளுக்கு இதமளிக்கும்.

செய்யக் கூடாதவையும் உள. ஆவி பிடிப்பதால் பயன் உண்டென்று நிரூபிக்கப்படவில்லை. வெந்நீர் கொட்டிப் புண்படும் அபாயமே அதிகம். சாம்பிராணிப் புகை ஆகாது. தொக்கம் எடுப்பதாகக் கூறித் தொண்டைக்குள் விரல் விடுதல் கூடவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல் மருந்தே கொடுக்க வேண்டாமென 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியுள்ளது.

அமைதியாக இருக்கும்போதும் அந்த ஓசை கேட்டாலோ, மூச்சிழுக்கையில் நெஞ்சுக்குழி உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தாலோ, குழந்தை துவண்டாலோ 108-ஐ அழைக்க வேண்டும். அருகிலுள்ள அரசு மருத்துவமனையோ, க.விலக்கிலுள்ள தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ செல்ல வேண்டும். ஓசை லேசாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே நன்று. டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தை ஒரே வேளை கொடுத்தாலே பெரும்பாலும் வீக்கம் வடியத் தொடங்கும்.

பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவர். ஆனால் ஆபத்தின் அறிகுறி தோன்றியபின், 'பொழுது விடியட்டும்' என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். இறைவன் நம் மடியில் தந்த சின்னஞ்சிறு உயிரை, பதறாமலும் தாமதியாமலும் காப்போமாக!