கணிப்பொறித் திரையில் கூடும் மன்றம்

முன்னுரை

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பர் நம் முன்னோர். கூடிக் கற்றாலும் அப்படியே. 1975-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்ச் என்பவரின் வீட்டுக் கார் கொட்டகையில் கணிப்பொறி ஆர்வலர் சிலர் கூடினர். ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’ என்பது அம்மன்றத்தின் பெயர். ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் அமைத்த முதல் ஆப்பிள் கணிப்பொறியை அம்மன்றத்தாருக்குத்தான் செய்து காட்டினார்.

அன்று அவர்களுக்கு ஒரு கொட்டகை போதுமாயிருந்தது. விடுமுறையில் வெவ்வேறு ஊர்களுக்குச் சென்றுவிடும் எங்கள் கணிப்பொறி மன்றத்தாருக்கோ இணையமே கொட்டகை. அங்கே கூடுவதற்கு எந்த மென்பொருள் ஏற்றது? நாங்கள் ஆராய்ந்தறிந்ததை இங்கே கூறுகிறோம்.

படம் வரும் வழி

பத்துப் பேர் கூடுவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேருக்கும் தம் படத்தை நேரே அனுப்பினால், மொத்தம் 90 படவோட்டங்கள் ஆகும். எளிய கைப்பேசி இதைத் தாங்காது. ஆகவே நடுவில் ஒரு சேவையகம் இருக்கிறது. நாம் அதற்கு ஒரே ஒரு முறை அனுப்பினால் போதும். அது மற்றவர்களுக்குப் பகிர்ந்தளிக்கும். பந்தியில் ஒருவரே பரிமாறுவது போன்றது இது.

இனி ஒரு சிறு கணக்கு. நொடிக்கு 600 கிலோபிட் வீதம் படம் வந்தால், ஒரு மணி நேரத்தில் 270 மெகாபைட் டேட்டா செலவாகும். நொடிக்கு 80 கிலோபிட் வீதம் ஒலி மட்டும் வந்தால் 36 மெகாபைட்தான். ஏழரை மடங்கு வேறுபாடு! நம் காமிராவை மட்டும் நிறுத்தினால் நாம் அனுப்புவதுதான் குறையும். பிறர் படம் நமக்கு வருவதையும் நிறுத்தினால்தான் முழுப்பயன் உண்டு.

மூன்று மென்பொருள்கள்

“எல்லாருக்கும் தெரிந்தது ஜூம்தானே, பின் ஏன் தேட வேண்டும்?” என்று எங்களுள் சிலர் கேட்டனர். ஜூம் நல்ல மென்பொருளே. ஆனால் அதன் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். நிரலில் ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் தறுவாயில் திரை மூடிவிட்டால் என்ன செய்வது?

கூகுள் மீட் மூவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடும் இலவசக் கூட்டத்திற்கு 60 நிமிடம் தருகிறது. கூகுள் கணக்கு வைத்திருப்போர்க்கு இது எளிது.

மூன்றாவது ஜிட்சி மீட். இது திறந்த மூல மென்பொருள். அதன் நிரலை எவரும் படிக்கலாம், விரும்பினால் தம் சொந்தச் சேவையகத்திலும் நிறுவலாம். 2023-ஆம் ஆண்டு முதல் இதன் பொதுத் தளத்தில் கூட்டத்தைத் தொடங்குபவர் தம் கணக்கால் உள்நுழைய வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்குத் தேவையில்லை. பெயரை இட்டுச் சேர்ந்துகொள்ளலாம்.

ஒரே நிறுவனத்தை நம்பிவிடுவதும் தகாது. உலகெங்கும் புகழ்பெற்றிருந்த ஸ்கைப், 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மூடப்பட்டதே!

கதவைத் தாழிடுதல்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது பல நாடுகளில் அந்நியர்கள் இணைய வகுப்புகளில் புகுந்து தொல்லை கொடுத்தனர். அதன்பின் ஜூம் நிறுவனம் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் இலவசக் கூட்டங்களுக்கு இயல்பாகவே அமைத்தது. எந்த மென்பொருளாயினும், கூட்டத்தின் இணைப்பைப் பொது இடங்களில் பகிரலாகாது. கடவுச்சொல் இட வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

எங்கள் முடிவு

எங்களுள் சிலர் வீட்டில் மடிக்கணினி உண்டு. பலர் வீட்டில் தந்தை வேலையிலிருந்து திரும்பியபின் கிடைக்கும் ஒரே கைப்பேசிதான். அதிலும் அன்றைய டேட்டா பாதி தீர்ந்திருக்கும். சிறந்த கருவி உள்ளவளை வைத்தா, குறைந்த வசதி உள்ளவளை வைத்தா தேர்ந்தெடுப்பது? இதுவே எங்கள் முன் நின்ற உண்மையான வினா.

கணக்கு வேண்டாமை, நேர எல்லை இல்லாமை ஆகிய காரணங்களால் ஜிட்சியைத் தேர்ந்தோம். பொறுப்பாளராகிய அருட்சகோதரி கூட்டத்தைத் தொடங்குவார்கள். கூட்ட நேரம் இரவு எட்டு மணி. முகம் காட்டுவது கட்டாயமன்று. முகம் காட்டாதவள் வராதவள் ஆகமாட்டாள். நிரலை விளக்குபவள் தன் திரையைப் பகிர்வாள். அசையாமல் நிற்கும் எழுத்துகளுக்கு டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும். இணைப்பு அறுந்தவளுக்கு அன்றே குறிப்புகள் அனுப்பப்படும்.

முடிவுரை

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையை லூக்கா நற்செய்தியில் படிக்கிறோம். அறிவியல் கருவிகளைத் தேர்வதிலும் அந்த ஆயனின் கண் நமக்கு வேண்டும். படத்தின் தெளிவு சற்றுக் குறைந்தாலும் குறையட்டும். தோழி ஒருத்தியின் குரல் விடுபடாதிருக்கட்டும். தோழியரே, நீங்களும் இணையத்தில் கூடும்போது, “இன்று யார் வரவில்லை, ஏன் வரவில்லை?” என்று முதலில் கேளுங்கள். விடை கிடைத்துவிட்டால், ஏற்ற மென்பொருளைத் தேர்வது எளிதாகிவிடும்.